இடப்பக்கத்துக் கதை

அத்தியாயம் 14

"சரி, வரேன். ஆனா டிக்கெட் நீதான் எடுக்கணும். அவன் குடுக்கற இலவச டிக்கெட்டுல நான் உட்கார மாட்டேன்" என்று அம்மா சொன்னதோடு போன வாரம் விட்டிருந்தேன்.

'அவன்' என்பது என் அண்ணன். படத்தின் திரைக்கதை அவனுடையது. அதற்கு மூலமான நாவல் அம்மாவுடையது. இருவரும் இருபது நிமிட நடைத் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு மாதமாகப் பேசவில்லை. அவன் தனி அறை எடுத்துப் போன நாளிலிருந்து அம்மாவின் சொல்லை அவனிடமும், அவன் சொல்லை அம்மாவிடமும் நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். சுமக்கும்போது கூர்மையான சொற்களைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுப்பேன். அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை. முதல் நாள், முதல் காட்சி, காலை பத்தரைக்கு. அம்மா ஒன்பதே காலுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள்.

"இன்னும் நேரம் இருக்கும்மா."

"விளம்பரத்தையும் சேர்த்துப் பார்க்கறேன். பாதியைப் பார்த்துட்டுப் பேசறேன்னு உன் அண்ணன் சொல்லக் கூடாது."

அம்மா மருந்தாளர். பகலெல்லாம் மருத்துவமனைக் கவுண்டரில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். 'பூட்டுக்காரி' நாவலின் இரண்டு பாகங்களையும் அந்த வேலைக்கு நடுவில்தான் எழுதினாள். எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த ஒருத்தியின் கதை. முதல் பாகம் நான்கு வருடம் முன்பு படமாக வந்தபோது வரிக்கு வரி நாவலாகவே இருந்தது. அதன் பிறகு ஜனங்கள் மருந்துச் சீட்டோடு புத்தகத்தையும் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

இரண்டாம் பாகத்தில் பூட்டுக்காரியின் அக்கா ஓர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள். அதைத் திறக்கத் தங்கைக்கு ஒரு நிமிடம் போதும். அவள் திறப்பதில்லை. கதவுக்கு வெளியே பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் அக்காவே திறக்கிறாள். அவ்வளவுதான் கதை. அதைப் படித்த பிறகு, பல வருடம் பேசாமலிருந்த தங்கை வீட்டு வாசலில் போய் உட்கார்ந்ததாக ஒரு பெண்மணி எழுதிய கடிதம் இன்னும் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.

படத்தில் பூட்டுக்காரி மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு மொட்டை மாடியிலிருந்து குதித்தாள்.

பக்கத்து இருக்கைப் பெண் தன் கணவரிடம், "இவ யாரு?" என்று கேட்டாள்.

"அவதான்."

"எவ?"

"பூட்டு."

"அவ எதுக்குக் குதிக்கறா? மாடிப்படியைப் பூட்டிட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. கார்கள் துரத்தின. யாரோ யாரையோ ஏமாற்றினார்கள். கடைசியில் திரையில் அக்கா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். அரங்கம் அடங்கியது. இதற்காகத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். பூட்டுக்காரி கதவருகே வந்தாள். உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் சம்மட்டியை எடுத்தாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம் உட்கார்ந்துதான் பாரேன்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். சிரித்தார்கள். கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு.

கதவு இரண்டாகப் பிளந்தது. அதோடு அம்மா எழுந்துவிட்டாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல், வெளியே போய்விட்டாள்.

நான் காலடியில் உருண்ட தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தேன். அந்த அரை நிமிடத்தில் திரையில் அக்கா பேசினாள்: "கதவை உடைச்சிட்ட. இப்ப நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

குனிந்தவள் அப்படியே நின்றேன். அந்த வரி நாவலில் இல்லை. ஆனால் நான் அதைப் படித்திருக்கிறேன். அம்மாவின் கையெழுத்தில் படித்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது அம்மா திரையரங்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"முழுசா பார்த்திருக்கலாம்மா."

"கெட்டுப்போன மருந்துன்னு தெரிஞ்சுக்கப் பாட்டில் முழுக்கக் குடிக்கணுமா?"

எழுதியதை என்னிடம் நீட்டினாள். மருந்தாளரின் கையெழுத்து. ஒரு எழுத்தைக்கூட வேறொன்றாகப் படிக்க முடியாது.

'இந்தப் படத்தின் ஒரு காட்சியும், ஒரு வரியும் நான் எழுதியதல்ல. என் நோட்டுகளில் எங்கும் இல்லாத கதை இது.' கீழே கையொப்பம்.

"இருநூறு காப்பி எடு. அஞ்சு மணிக்குள்ள நூலகத்துக்குக் கொண்டு வந்துடு. நாற்காலிக்கு ஒண்ணா வெச்சிடலாம்."

அன்று மாலை நூலக அரங்கில் வாசகர் கூட்டம். பட வெளியீட்டைக் கொண்டாடுவதற்காக நூலகர் ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்தது. நிருபர்களும் வருவதாக இருந்தது.

"'ஒரு வரியும்'னு எழுதணுமாம்மா?"

"பின்ன? பாதி வரி எழுதினேன்னு எழுதவா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது, முதலில் சரிபார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வரும்போதெல்லாம் நான் எதையாவது சரிபார்க்கப் போய்விடுவேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு நகல் கடையில். மாலையில் நூலகப் படிப்பு வகுப்பு, பகலில் கடை. கடைக்குள் நுழைந்து, மூலையிலிருக்கும் கணினியில் பழைய ஃபைல்களைத் திறந்தேன்.

பதினாறு மாதம் முன்பு அண்ணன் ஒரு யோசனை சொன்னான். "அம்மாவோட நோட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி, அழகா பைண்டிங் போட்டுப் பிறந்த நாளைக்குக் குடுப்போம். மூச்சு விடாத. அசந்து போகணும்." அம்மா வேலைக்குப் போன நேரங்களில் அலமாரியிலிருந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்து வந்து, ஸ்கேன் செய்து, அவனுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வைத்தேன். பிறந்த நாள் வந்து போயிற்று. பைண்டிங் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா எழுதும் முறையைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். விரித்த நோட்டில் வலப்பக்கம் மட்டும்தான் கதை. இடப்பக்கத்தில், நடக்கக் கூடாததை எழுதுவாள். கதை எங்கெல்லாம் தப்பான வழியில் போகப் பார்க்கிறதோ, அந்த வழியிலும் கடைசிவரை போய், வசனத்தோடு எழுதி முடித்துவிடுவாள். "எழுதாம விட்டா அது காதுகிட்டயே நச்சரிச்சிக்கிட்டு இருக்கும்டி" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். முடித்ததும் வெளிர் நீலப் பென்சிலால் மூலைக்கு மூலை ஒரே கோடு. அந்தக் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் செத்தது.

எங்கள் இயந்திரத்தைக் கறுப்பு வெள்ளையில், எழுத்துக்கான அமைப்பில் வைத்தால் வெளிர் நீலம் பதியாது. நகல் கடையில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்கே இது தெரியும். வண்ணத்தில் எடுத்தால் ஃபைல் பெரிதாகி அனுப்ப முடியாது என்று நான் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். பக்க வரிசை மாறவில்லை, ஒரு பக்கம்கூட விடவில்லை. கோடுகள் மட்டும் இல்லை.

நான்காம் நோட்டில் அந்தப் பக்கம் கிடைத்தது. இடப்பக்கம். 'கதவை உடைச்சிட்ட. இப்ப நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?' அதற்கு மேலே சம்மட்டி இருந்தது. இரண்டு பக்கம் முன்னால் மொட்டை மாடி இருந்தது.

படம் நாவலை விட்டு விலகிப் போயிருந்தது. அம்மாவை விட்டு விலகவில்லை.

"அந்தக் காகிதம் என்ன?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் 'பூட்டுக்காரி'யை மூன்று முறை படித்தவர். படத்துக்கு மாலைக் காட்சி டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அறிக்கையைப் படித்தவுடன் அவர் முகம் மலர்ந்தது.

"அப்படிப் போடு! உங்க அம்மா அம்மாதான். நகரு, நானே போடறேன்."

"இல்ல சார், ஒரு நிமிஷம்..."

"என்ன ஒரு நிமிஷம்? நல்ல காகிதமா போடறேன். என் செலவு."

அவர் கண்ணாடியில் கவிழ்த்து, இருநூறு என்று அழுத்திவிட்டார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு வரியும் நான் எழுதியதல்ல. ஒரு வரியும் நான் எழுதியதல்ல. தட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது.

அறுபத்து மூன்றில் நிறுத்தினேன்.

"என்னாச்சு?"

"இதுல ஒரு தப்பு இருக்கு சார்."

"எங்க? நான் பார்த்தேனே, சரியாத்தான் இருக்கு."

பின்கட்டுக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

மூன்று மணிக்கு வந்தான். தாடி மழிக்காத முகம். வீட்டில் அவனுக்கு 'டைரக்டர்' என்று பெயர். இன்று பார்த்தால் காலையில் வேலை போன குமாஸ்தா மாதிரி இருந்தான். பைண்டிங் அட்டைகள் அடுக்கிய இடுக்கில் இருவரும் நின்றுகொண்டோம்.

"படம் பார்த்தாச்சா, ஸ்கேல்?" என் பெயர் அவனுக்கு ஸ்கேல். சின்ன வயதில் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பேனாம்.

"அம்மா பாதியில எழுந்துட்டாங்க. பைண்டிங் எங்கண்ணா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இடப்பக்கம் எல்லாம் அம்மா அடிச்சுப் போட்டது. கோடு ஸ்கேன்ல விழல. தப்பு என்னோடது. உனக்குத் தெரிஞ்சிருக்காது..." என்றேன்.

"தெரியும்."

"என்ன?"

"நாலாவது நோட்டு படிக்கறப்பவே தெரிஞ்சிடுச்சு. வலப்பக்கம் கதவுகிட்ட உட்கார்ந்திருக்கா, இடப்பக்கம் அதே கதவை உடைக்கறா. எது வேணும்னு எழுதினது, எது வேண்டாம்னு எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? நான் அவங்க பிள்ளைதானே."

"தெரிஞ்சேவா கொடுத்த?"

"தயாரிப்பாளர்கிட்ட முதல்ல வலப்பக்கத்தைத்தான் சொன்னேன். சத்தியமா. பதினோரு நாள் உட்கார்ந்திருக்கான்னு சொன்னா, அந்த ஆள் கொட்டாவி விடறான். 'யாருய்யா பதினோரு நாள் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்காருவாங்க'ன்னு கேட்டான். இடப்பக்கத்தைச் சொன்னேன். எழுந்து நின்னுட்டான். இதையும் அம்மாதான் எழுதினாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"அதை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றான். பிறகு என் கையிலிருந்த அறிக்கையை வாங்கிப் படித்தான். காதோரம் வெளுத்தது.

"இதை வெளியில விட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"விடாத. படக் கம்பெனி மேனேஜர் இன்னிக்கு ஒரு நிருபரைக் கூட்டத்துக்கு அனுப்பறான். அவர் கையில நாலாவது நோட்டோட பிரதி இருக்கு. அம்மா 'ஒரு வரியும் என்னோடது இல்ல'ன்னு சொன்ன உடனே எழுந்து, இது யார் கையெழுத்துன்னு கேட்பார். படம் மட்டமா இருக்குங்கறதை விட்டுட்டு, எழுதினவ பொய் சொல்றாங்கறதுதான் நாளைக்குச் செய்தி."

முதலாளி பக்கத்துச் சுவரில் காதை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"நீ வந்து அம்மாகிட்டச் சொல்லு" என்றேன்.

"என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. நீ சொல்லு. படத்தைப் பத்தி எதுவும் பேச வேண்டாம், வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு இறங்கிடச் சொல்லு. காரணம் கேட்டா..." அவன் குரல் தாழ்ந்தது. "கம்பெனிக்காரங்க எப்படியோ நோட்டை எடுத்துட்டாங்கன்னு சொல்லிடேன். உன் பேரும் வராது, என் பேரும் வராது."

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. நூலகம் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். எப்படியோ எடுத்துட்டாங்க. எப்படியோ. சுருக்கமான வார்த்தை. இரண்டு பிள்ளைகளும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அரங்கில் அதற்குள்ளேயே முக்கால்வாசி நாற்காலிகள் நிரம்பியிருந்தன. காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள். பேச்சுச் சத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்து அறையில், அட்டை கிழிந்த புத்தகங்கள் பழுதுபார்க்கக் காத்திருக்கும் மேசையருகே உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"காப்பி எங்க?"

"கொண்டு வரலம்மா."

"மெஷின் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு கணம் போதும். அம்மாவே பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள்.

"இல்லம்மா. இந்த அறிக்கை தப்பு. நீ எழுதினதைத்தான் படமா எடுத்திருக்காங்க. உன் இடப்பக்கங்களை."

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"என் நோட்டு அலமாரியில இருக்கு."

"ஸ்கேன் பண்ணினேன். நான்தான். உன் பிறந்த நாளைக்கு பைண்டிங் போடலாம்னு அண்ணன் சொன்னான். நீ வேலைக்குப் போனப்ப எடுத்துட்டுப் போனேன்."

அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சந்தேகமான மருந்துச் சீட்டை விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்ப?"

"பதினாறு மாசம் முன்னாடி."

"கோடு போட்டிருந்தேனே."

"கறுப்பு வெள்ளையில விழல."

"விழலைன்னு பார்த்தப்ப என்ன நினைச்ச?"

"சுத்தமா வந்திருக்குன்னு நினைச்சேன்."

"சுத்தமா!" அம்மா ஒரே ஒரு முறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இதுவரை கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

நிருபர் பிரதியோடு வந்திருப்பதைச் சொன்னேன். கம்பெனி அவரை ஏன் அனுப்பியது என்பதையும் சொன்னேன். அம்மா மீதித் தலையையும் சீவி முடித்தாள். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இதை யார் சொல்லச் சொன்னா உன்னை?"

"அண்ணன். ஆனா அவன் வேற மாதிரி சொல்லச் சொன்னான்."

"எப்படி?"

"கம்பெனிக்காரங்க எப்படியோ எடுத்துட்டாங்கன்னு."

நூலகர் கதவைத் தட்டினார். "மேடம், அஞ்சாகப் போகுது. எல்லாரும் ரொம்பக் கோபமா இருக்காங்க. உங்க வாயால ரெண்டு வார்த்தை திட்டினாத்தான் அடங்குவாங்க போல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேடைக்குப் போனாள்.

நான் சுவரோரம் நின்றுகொண்டேன். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவருகே, அண்ணன் வந்து நின்றதைப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் ஒருவர் மடியில் பழுப்பு உறை வைத்திருந்தார். அவர்தான் என்று புரிந்தது.

அம்மா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"உங்களுக்கெல்லாம் குடுக்க ஒரு அறிக்கை எழுதினேன். அந்தப் படத்துல ஒரு வரியும் என்னோடது இல்லைன்னு."

கைதட்டல். யாரோ "அதானே!" என்றார். இரண்டாம் வரிசைக்காரர் உறையின் வாயைப் பிரித்தார்.

"அது தப்பு" என்றாள் அம்மா. "அந்த வரிகளை நான்தான் எழுதினேன்."

கைதட்டல் ஒவ்வொரு பக்கமாக ஓய்ந்தது.

"பூட்டுக்காரி மாடியில இருந்து குதிச்சது, கதவை உடைச்சது, எல்லாம் என் கையால எழுதினது. எழுதிப் பார்த்தேன். எழுதி முடிச்சப்ப எனக்கு அவளைப் பிடிக்காம போச்சு. அதனால அடிச்சேன். நீங்க கடைக்குப் போய் ஒரு உடுப்பைப் போட்டுப் பார்க்கறீங்க, கண்ணாடியில பார்த்தா சகிக்கல, கழட்டிடறீங்க. அந்தக் கோலத்துல உங்களைப் படம் பிடிச்சு ஊரெல்லாம் ஒட்டினா எப்படி இருக்கும்? இன்னிக்கு எனக்கு அப்படி இருக்கு."

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் முனை மடிந்து போன 'பூட்டுக்காரி.' "அப்ப படம் நல்லா இருக்குன்னு சொல்றீங்களா?"

"மட்டமா இருக்கும்மா. நான் மட்டமா எழுதினதைக் கொஞ்சமும் பிசகாம எடுத்திருக்காங்க."

அரங்கம் தன்னையறியாமல் சிரித்தது. காலையில் திரையரங்கில் கேட்ட சிரிப்பு இல்லை இது.

"உங்க நோட்டு எப்படி அவங்ககிட்டப் போச்சு?" இது இரண்டாம் வரிசைக்காரர். கேட்பதற்கு வேறு கேள்வி அவரிடம் மிச்சமில்லை.

அம்மாவின் பார்வை நாற்காலிகளைத் தாண்டிக் கதவுவரை போய், அண்ணன் மேல் நின்றது. இரண்டு மாதத்தில் முதல் முறை.

"எங்க வீட்டுல இருந்துதான் போச்சு. திருட்டு இல்ல. மீதி எங்க வீட்டு விஷயம்" என்றாள்.

அவர் உறையை மூடினார்.

கூட்டம் ஆறு மணிக்குக் கலைந்தது. கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா போட்டுக் கொடுத்தாள். காலியான நாற்காலிகளுக்கு நடுவே அண்ணன் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான்.

"அம்மா..."

"வசனத்தையாவது மாத்தியிருக்கக் கூடாதாடா? அப்படியே போட்டிருக்க."

"நல்லா இருந்துச்சும்மா" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. "அடிச்சதுன்னாலும் நல்லா இருந்துச்சு."

அம்மாவின் முகத்தில் என்னவோ இளகியது. அடுத்த வார்த்தை சாதாரணமாகத்தான் வந்தது.

"மொத்தம் எத்தனை நோட்டுடா குடுத்த அவங்களுக்கு?"

நான்தான் சொன்னேன். எண்ணிக்கை என்றால் நான் முந்திக்கொள்வேன்.

"ஏழும்மா."

அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"பூட்டுக்காரி ஆறு நோட்டுதான்."

"ஒரே மாதிரி அட்டை. ஒரே தட்டுல இருந்துச்சு..."

"ஏழாவதோட பிரதி இப்ப எங்க?"

"கம்பெனியில" என்றான் அண்ணன். "மூணாவது பாகத்துக்குக் கதை வேணும்னு, நான் எடுத்துக் குடுத்த பிரிண்டை மொத்தமா வாங்கி வெச்சிருக்காங்க."

"அந்த ஆபீஸை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?"

"ஏழுக்கு. ஆனா அம்மா..."

"வண்டி பிடி."

வாடகைக் காரின் பின்னிருக்கையில் அம்மா நடுவில் உட்கார்ந்தாள். நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. சந்தியில் போக்குவரத்து நின்றது. ஓட்டுநர் விளக்குக் கம்பத்தைப் பார்த்து முணுமுணுத்தார். அண்ணன் இரண்டு முறை மணி பார்த்தான்.

"அதுல கதை இல்ல. அதை எங்கயாவது இறக்கி வைக்கணும்னு எழுதினேன். உங்க அப்பா ஏன் போனார்னு இருக்கு அதுல" என்றாள் அம்மா. யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அப்பா வெளியூர் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த கதை. இரண்டாம் அத்தியாயத்தில் உங்களுக்கும் அப்படித்தான் சொன்னேன். தெரிந்ததைத்தான் சொன்னேன்.

"என்ன இருக்கும்மா அதுல?" என்றேன்.

பேசியது அண்ணன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் படிச்சிட்டேன்மா. அவங்களுக்குக் குடுத்ததுக்கு அப்புறம்தான் படிச்சேன். ரெண்டு மாசமா அதைத் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். தர மாட்டேங்கறாங்க."

அம்மா மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"எல்லாத்தையும்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்திருந்தாள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

ஏழாவது நோட்டை ஸ்கேன் செய்த அன்று எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. மற்ற நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகத் திரையில் சரிபார்த்தவள், ஏழாவதைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். கண்ணாடியில் நோட்டைக் கவிழ்க்கும்போது எழுத்து கீழே போய்விடும். நமக்குத் தெரிவது அட்டை மட்டும்தான்.

விளக்கு பச்சையானது. வண்டி நகர்ந்தது.

"ஸ்கேல்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று அண்ணன் கேட்டான்.